சாக்குக்குள் இருந்த சூடு

எண்பத்தொன்பது ஆகஸ்ட் மழையில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிப்பவர்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை நான். விஞ்ஞானம் படித்தும் பல்கலைக்கழகம் கிடைக்காதவன். நாள் முழுக்க மலை ஏறி இறங்கிய களைப்பிலும், கோள்களைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படிப்பேன்.

அன்று பாதையில் மண் சரிந்து, கொழுந்து ஏற்றும் லொறி வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கூரை சிறியது. நனையாமல் இருக்கட்டும் என்று எட்டுச் சாக்குக் கொழுந்தை ஐந்தில் அமுக்கிக் கட்டச் சொன்னேன். அதன் மேலேயே உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். நெப்டியூன், சூரியனிடம் வாங்குவதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெப்பத்தை வெளிவிடுகிறதாம். உறைந்த மேகங்களுக்கடியிலிருந்து ஏறி வரும் அந்தச் சூட்டை, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரில் அளக்கிறார்களாம். அதே போன்ற யுரேனஸில் அப்படிச் சூடு இல்லை. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. எனக்குக் கால்வலி மறந்துபோயிற்று.

"ஐயா, கொழுந்து வேகுதுங்க. சாக்க அவுக்கச் சொல்லுங்க," என்றார் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர்.

"இந்தக் குளிருலயா? சும்மா இருங்கக்கா."

"உக்காந்திருக்கிற எடத்துலயே சூடு தெரியலயா? படிச்சவங்களுக்குத் தோலு தடிப்பு போல."

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவர் என் கையைப் பிடித்து, முழங்கை வரை சாக்குக்குள் விட்டார். காய்ச்சல்காரரின் அக்குள் போலக் கொதித்தது.

சூடேறிச் சிவந்த கொழுந்தைத் தொழிற்சாலை எடுக்காது. பறித்தவருக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். பாதி நாள் உழைப்பு வீண். அவசரமாக அவிழ்த்துக் கொட்டினோம். தரை போதவில்லை. பதினெட்டுப் பெண்களும் வெளியே போனார்கள். கூரையைக் கொழுந்துக்கு விட்டுவிட்டு, தலைக் கம்பளி ஊறிக் கனக்க, லொறி வரும்வரை மழையில் நின்றார்கள்.

அடிச் சாக்கு இரண்டு தப்பவில்லை. மேற்பார்வைக்கு வந்த என் மேலதிகாரி கண்டாக்கு, "யாரு இப்படி அமுக்கினது?" என்றார்.

"மழைக்குப் பயந்து நாங்கதாங்க அமுக்கிட்டோம்," என்றார் அந்த அக்கா, என்னைப் பாராமல்.

நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், பயத்தைவிட அலுப்பு. அந்தச் சாக்குகளில் கொழுந்து இருந்த ஏழு பேருக்கு அரைப் பேர் விழுந்தது. அந்த அக்காவும் அதில் ஒருவர்.

பிறகு, வேலைக்குப் பேர் பதியும் எத்தனையோ காலைப் பெரட்டுகளில் அந்த அக்கா என் எதிரே நின்றிருக்கிறார். எவ்வளவோ தூரத்தை எண்ணி ஏங்கிய எனக்கு, ஐந்தடி நடந்து போய் "நான்தான் அமுக்கச் சொன்னேன்" என்று அங்கேயே நின்ற கண்டாக்கிடம் சொல்லும் தெம்பு இல்லாமல் போனதே, அதை நினைத்தால் இன்றும் உடம்பெல்லாம் அசந்துவிடுகிறது.