படிக்கிறவர்களுக்கு என்ன சத்தம் வேண்டும்?

படிப்பறை நடத்துகிறவளுக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டியதில்லை, காது நன்றாக இருந்தால் போதும். மைசூர் சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு மாடியைத் தடுத்து, மேஜை நாற்காலி போட்டு, பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு மாத வாடகைக்கு இடம் விடுகிறேன். இடம் என்பது பேச்சுக்கு. உண்மையில் நான் விற்பது அமைதி. வீட்டு டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் பயந்து ஓடி வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். வகுப்பிலோ, ஆபீசிலோ, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்திலோ உதட்டில் விரல் வைத்து 'உஷ்' என்று சொல்லி, அதற்காக முறைப்பு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

வீணை வந்தது, போனது

அமைதிக்கு எதிராக முதலில் கொடி பிடித்தவன் கிரண். இதே ஊர் ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக என்னிடம் வருகிறான். தமிழ் வீட்டுப் பையன்தான், ஆனால் கன்னடம் கலக்காமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டான். "வெளியே சும்மா இருந்தா என் தலைக்குள்ள ஒரே கலாட்டே மேடம். மெல்லிசா ஏதாவது மியூசிக் போடுங்க, எல்லாரும் சென்னாகி, நல்லா படிப்பாங்க" என்று தினமும் நச்சரித்தான். நச்சரிப்புக்கு நான் சீக்கிரம் பணிந்துவிடுவேன், அது என் சுபாவம். ஒரு மதியம் ஸ்பீக்கரில் வீணை வைத்தேன். பாட்டு இருந்தால்தானே வார்த்தை காதில் விழும், வெறும் வாத்தியம் யாரை என்ன செய்துவிடும் என்று எனக்கு நினைப்பு.

சம்பத் சாரை மறந்துபோனேன். பேங்க் வேலையில் ரிட்டயர் ஆனபின் சட்டம் படிக்கிற மனிதர். ஜன்னலோர இருக்கை அவருடையது. அமைதிக் கட்சியின் தலைவரும் அவர்தான். பேனா மூடியைத் திறக்கிற சத்தத்துக்கே கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். வீணை ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம் அவர் மேஜையிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சட்டப் புத்தகத்தின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். கீர்த்தனை சூடுபிடித்ததும் தலையும் சேர்ந்து ஆடத் தொடங்கியது. பக்கத்து மேஜைக்காரர்கள் படிப்பை விட்டுவிட்டு அவரையே வேடிக்கை பார்த்தார்கள். நான் போய் நிறுத்தியதும் கோபமாக வெளியே வந்தார். நிறுத்தியதற்குக் கோபமா, போட்டதற்குக் கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார்: "சங்கீதம் புடிக்காதவன் வேணா அதை வெச்சுண்டு படிப்பான், நேக்கு ராகம் காதுல விழுந்துட்டா அப்புறம் எங்கேர்ந்தும்மா சட்டம் ஏறும்?"

ஊருக்கே கேட்ட ரகசியம்

அதற்குப் பிறகு சட்டம் போட்டேன்: இசை வேண்டுகிறவர்கள் அவரவர் காதில் வைத்துக்கொள்ளலாம், அறைக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. 'அமைதி காக்கவும்' என்று தொடங்கி இதைக் கதவில் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் போர்டாக மாட்டினேன். இரு கட்சிக்கும் திருப்தி. கிரண் வயரில்லாத இயர்போனை மாட்டிக்கொண்டு, "பியானோ மட்டும்தான் மேடம், கான்சன்ட்ரேஷனுக்கு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு நாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் தெருமுனையிலேயே டப்பாங்குத்து கேட்கிறது. எந்த வீட்டில் விசேஷம் என்று யோசித்துக்கொண்டே வந்தால் விசேஷம் எங்கள் மாடியில். கிரணின் இயர்போன் போனோடு சேரவில்லை. போன் மேஜை மேல் கிடந்து அலறுகிறது, இவன் கண்ணை மூடி, இயர்போன் காதுக்குள்தான் பாடுகிறது என்ற நம்பிக்கையில் தோளை ஆட்டிக்கொண்டிருக்கிறான். பியானோ ரகசியம் அன்றோடு அம்பலமானது. அதைவிட எனக்கு ஆச்சரியம், சுற்றி இருந்த அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். நானே போய் அவன் தோளைத் தட்டி நிறுத்தினேன். அவன் முகம் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. 'ஒருத்தராவது சொல்லக் கூடாதா' என்று சம்பத் சாரிடம் வெளியே வந்து கேட்டேன். அவர் கதவில் இருந்த போர்டைக் காட்டினார்: "நீங்கதானேம்மா உள்ள ஒரு வார்த்தை பேசப்படாதுன்னு எழுதி வெச்சிருக்கேள்?"

மூச்சு கேட்கிறது

பூங்கொடி தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்ப் பெண். பஞ்சாயத்து அதிகாரி வேலைக்குப் பரீட்சை எழுதுகிறாள். மதியம் கோச்சிங் வகுப்பு, காலையில் என் மாடி, தங்குவது பக்கத்துத் தெரு ஹாஸ்டலில். அமைதியான இடம் என்று யாரோ சொல்லித்தான் என்னிடம் வந்தாள். அவளுக்குப் போய் இருக்கிறதிலேயே அமைதியான மூலையைக் கொடுத்தேன், ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

பாவம், அந்தப் பெண் படாத பாடுபட்டாள். உட்காருவாள், எழுந்து போவாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி உட்காருவாள். ஒரு பக்கத்தைத் திருப்புவதற்குள் காலை ஓடிவிடும். சம்பத் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். தொட்டி நிரம்பி நான் மோட்டாரை நிறுத்தியதும், கையில் இருந்த சாப்பாட்டைப் பிடுங்கினது போல நிமிர்ந்து பார்த்தாள். விசாரித்தேன். ஊரில் அப்பா மாவு மில் வைத்திருக்கிறார். மில்லுக்குப் பின்னாலேயே வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை அந்தச் சத்தத்தில்தான் படித்திருக்கிறாள். அப்படியானால் ஊரிலேயே இருந்து படித்தால் என்ன என்று கேட்டேன். வகுப்பு இங்கேதானே என்றாள். பிறகு விஷயம் வந்தது: ஊரில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்துகிறார்கள், இங்கே படிப்பு ஓடவில்லை என்று தெரிந்தால் அப்பா கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார், அதோடு பரீட்சையும் முடிந்தது. கண் கலங்கச் சொன்னாள்.  "மேல எல்லாரும் மூச்சு வுடறதுகூட கேக்குதுங்க அக்கா, அதுல நான் எப்படிங்க படிக்கறது?"

செயற்கை மழை

கிரண் காதுக்கு விஷயம் எட்டியது. டப்பாங்குத்துக்குப் பிறகு யாருக்காவது உபகாரம் செய்து நல்ல பெயர் வாங்கத் தவித்துக்கொண்டிருந்தவன், தன் இயர்போனையே அவளிடம் கொடுத்தான். மழை கொட்டும் சத்தத்தை விடாமல் ஓட்டுகிற ஏதோ ஒன்றை அவள் போனில் ஏற்றியும் கொடுத்தான். அவன் ஆபீசில் பாதிப் பேர் இந்த மழையில்தான் வேலை செய்கிறார்களாம். நல்ல யோசனையாகத்தான் எனக்கும் பட்டது.

மறுநாள் பார்த்தால் அவள் முன்னைவிட மோசம். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னலைப் பார்க்கிறாள். வெளியே சுள்ளென்று வெயில். 'மழையுமா ஒத்துக்கொள்ளவில்லை' என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலோடுதான். அவள் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "மழைச் சத்தம் கேட்டா, வாசல்ல காயப்போட்ட ராகி நனையுதேன்னு ஓடத் தோணுதுங்க அக்கா."

அப்பாவுக்கு ஒரு போன்

மழை வேண்டாம், மில்லே வேண்டும் என்று எனக்குப் புத்தி வந்தது. அவள் கேட்கப் பயந்ததால் நானே அவள் அப்பாவுக்குப் போன் போட்டேன். 'காலையில் மில் ஓடும்போது போனைப் பக்கத்தில் வைத்து சத்தத்தைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா' என்று கேட்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கும் என்று எனக்கே உறைத்தது. இதைச் சொன்னதில் இன்னொரு தப்பும் நடந்துவிட்டது. இங்கே படிப்பு ஓடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோனது.

மறுமுனையில் மில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், சனிக்கிழமை பஸ்ஸுக்கு அவளைக் கிளம்பச் சொல்லுங்கள் என்றார். நல்லது செய்யப் போய் நானே அவள் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன். பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இழுத்துப் பார்த்தேன். அவர் மரியாதை குறையாமல் முடித்துவிட்டார்: "மில்லு சத்தம் கேக்கோணும்னா வூட்டுக்கே வந்து கேக்கட்டுமுங்க, அதுக்கு எதுக்குங்க போனு?"

மில் ஓடிய காலை

சனிக்கிழமை காலை பூங்கொடி பையோடுதான் வந்தாள். மதியம் பஸ். அதுவரை உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றாள். உள்ளே போவதற்கு முன் போனைக் காட்டினாள். விடியற்காலையில் அப்பா நீளமாக ஒன்றை அனுப்பியிருக்கிறார், ஒரு வார்த்தைகூட எழுதாமல். அவள் கிரணின் இயர்போனை மாட்டிக்கொண்டு மூலைக்குப் போனாள். இயர்போன் பழைய பாசத்தில் கிரண் போனோடு ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அவள் தன் போனைத் தட்டிய உடனே மாடி முழுக்க ஹனூர் மாவு மில் ஓட ஆரம்பித்தது.

நான் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள், போர்டுக்குப் பயந்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளோ நிமிரவே இல்லை. அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கிறதா, அறையில் கேட்கிறதா என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பென்சிலால் கோடு போடுகிறாள், பக்கத்தைத் திருப்புகிறாள், மறுபடி கோடு போடுகிறாள். அவள் படித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு உள்ளே போக மனசு வரவில்லை.

அப்போது மில் நின்றது. யாரோ ஒருவர் மாவு வாங்கிக்கொண்டிருக்கிறார் போலும். "பாப்பாவை நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்களாமே?" என்று ஒரு குரல் கேட்டது. பதிலுக்கு, போனில் என்னிடம் கறாராகப் பேசிய அதே குரல்: "இல்லப்பா, இப்ப வர வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். புள்ள பரீட்சை எழுதோணும். சத்தம் இல்லாம படிப்பு ஏறலையாம், அதான் போனை இங்க வெச்சிருக்கேன். நீ கொஞ்சம் தள்ளி நில்லு." மறுபடி மில் ஓடியது.

பூங்கொடி அப்போதுதான் தலையைத் தூக்கினாள். அத்தனை முகங்களும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தாள், காதைத் தொட்டாள், விஷயம் புரிந்தது. அழுகையும் வெட்கமுமாகப் போனை எடுத்து அணைக்கத் தடுமாறினாள். அப்போது ஜன்னலோரத்திலிருந்து, நான் போர்டு மாட்டிய நாள் முதல் உள்ளே ஒரு வார்த்தை பேசாத சம்பத் சார் வாயைத் திறந்தார்: "நிறுத்தாதேம்மா, இதுல ராகம் கீகம் ஒண்ணும் கெடையாது, நானே ரெண்டு பக்கம் படிச்சுட்டேன்."

வாசல் போர்டில் 'அமைதி காக்கவும்' என்று இன்னும் கொட்டை எழுத்தில் இருக்க, மாடியில் தினமும் காலையில் பூங்கொடிக்காக நான் ஒரு மாவு மில் ஓட்டிக்கொண்டிருக்கிற விஷயம், கஷ்டம் தெரிந்த உங்களோடு இருக்கட்டும்.