மண்டையோட்டுச் சட்டை

மலையடிவாரமான நல்லதண்ணியில் காலை மழை. என்னோடு மலையேற வந்த மனைவி குளிரில் நடுங்குகிறாள். கடையில் கம்பளியெல்லாம் விற்றுப்போய், தடித்த கறுப்புச் சட்டை ஒன்றுதான் தொங்குகிறது. அதன் நெஞ்சில் பல்லிளிக்கும் மண்டையோடு.

“வெள்ளைக்காரன் வித்துட்டுப் போனதுங்க. பங்க் ராக்குன்னு ஏதோ பாட்டுக் கோஷ்டியோட சின்னமாம்,” என்கிறார் கடைக்காரர்.

“விரதமிருந்து சிவன் பாதம் பதிஞ்ச மலைக்குப் போறோம். இதைப் போடலாமாங்க?” என்று இழுக்கிறேன் நான்.

“சிவன் கழுத்துலயே மண்டையோட்டு மாலைதானே! அவரை யாருங்க வேணாம்னாங்க?”

அதற்குள் அவள் சட்டைக்குள் தலையை நுழைத்துவிடுகிறாள்.

பாதி வழியில், இறங்கி வரும் வெள்ளைக்கார வாலிபன் ஒருவன் அவளைக் கண்டதும் கூவிக்கொண்டு கையை உயர்த்துகிறான். அவன் சட்டையிலும் அதே மண்டையோடு.

“பாத்தீங்களா, அவங்க ஊர்லயும் நம்ம சிவனைக் கும்பிடுறாங்க!” என்று கைகூப்புகிறாள்.

எனக்கும் கை தானாகக் குவிகிறது.