ஊசியால் துளைத்த ஜெட்

பள்ளிவாசல் என்கிற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டில் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் இரண்டே இரண்டுதான். ஒன்று துரையுடையது, அதன் பக்கத்தில் போகவே எங்களுக்கு அனுமதி கிடையாது. மற்றது ஆஸ்பத்திரி டாக்டருடையது. அந்த இரண்டாவது வண்டி மேல் டிவிஷன்வரை திணறாமல் ஏறியது என்றால் அதற்குக் காரணம் நான்தான். அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த விஷயத்தில் சொல்லமாட்டேன்.

நான் தேயிலை ஃபாக்டரியில் ஆயில் எஞ்சின் ஓட்டினேன். ஃபாக்டரியும் ஆஸ்பத்திரியும் கீழே. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயம் மேல் டிவிஷனில். என் மனைவி அங்கே கொழுந்து எடுத்தாள். மேலே ஒரு குழந்தைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் யாராவது கீழே ஓடிவந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் வண்டியில் புறப்படுவார். பாதி மலைவரை வண்டி வரும். அதற்கு மேல் கறுப்புப் புகையைக் கக்கும், இருமும், நின்றுவிடும். மீதி வழியை அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏற வேண்டும். நல்ல மனிதர், ஆனால் நல்ல தொப்பை. என் மகளுக்கு வலிப்பு வந்த அன்று அவர் வந்து சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பிள்ளை பிழைத்தாள். அந்தக் காத்திருப்பை மட்டும் நான் மறக்கவில்லை.

டாக்டர் கல்பாத்திக்காரர். லீவில் ஊருக்குப் போனபோது வண்டியையும் கொண்டுபோய்ப் பாலக்காட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். அங்கே அது ஜம்மென்று ஓடியிருக்கிறது. ஒரு குறையும் இல்லை என்று துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். மலைக்கு வந்ததும் பழைய கதைதான். கடைசியில் துரை தீர்த்துச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் வண்டி மேலே ஏறாவிட்டால் அதை விற்றுவிட வேண்டும். மேல் டிவிஷனுக்கு டாக்டர் வாரம் ஒரு நாள் நடந்து போனால் போதும்.

வாரம் ஒரு நாளாம்! காய்ச்சல் கிழமை பார்த்தா வரும்? வந்த கோபத்தில் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன்.

“ஐயா, வண்டியில கோளாறு ஒண்ணுமில்ல. மேல போகப் போக காத்து கம்மி. கீழ உள்ள காத்துக்கு அளந்து வச்ச பெட்ரோலு இங்க அதிகப்படி. அதான் புகையுது.”

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். “காத்து கம்மியா? போன வாரம் லயத்துத் தகரத்தைப் பேத்துட்டுப் போச்சே, அது என்னதுவே?”

அவரை நான் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஃபாக்டரி எஞ்சினும் கீழேயிருந்து வந்த புதிதில் இப்படித்தான் கரியாகக் கக்கியது. எண்ணெயைக் குறைத்துவைத்து அதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவன் நான். அதை டாக்டரிடம் சொன்னேன். ஆனால் ஃபாக்டரி எஞ்சினில் ஒரு திருகைத் திருகினால் போதும். வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் அந்த வசதி இல்லை. முழு வேகத்தில் ஓடும்போது அதில் பெட்ரோல் வருவது ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் திருகாணியின் நடுத்துளை வழியாகத்தான். அந்தத் துளையை அடைத்துவிட்டு, அதைவிடச் சிறியதாக வேறு துளை போட வேண்டும்.

“இது ஒண்ணேயொண்ணுதான் இருக்கு, கேட்டியோ,” என்றார் டாக்டர். “கெட்டுப்போச்சுன்னா வேற மதராஸ்லேந்து வரணும். அதுக்குள்ள மாசம் முடிஞ்சுடும்.”

“கெடாதுங்கய்யா.”

“கெட்டா?”

“கெட்டா ஒங்க பையை நான் சுமக்கேன். வாரம் ஏழு நாளும் மேல ஏறுவோம்.”

அவர் தானே ஜெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். துளையை ஈயம் வைத்து அடைத்தேன். அவ்வளவு சன்னமாகத் துளைக்கும் கருவி எங்கள் ஃபாக்டரியில் கிடையாது. என் மனைவியின் தையல் ஊசியை எடுத்து, முனையை உடைத்து, இரண்டு பக்கமும் சாணைக்கல்லில் தட்டையாகத் தேய்த்து, ஒரு மூங்கில் குச்சியில் செருகி, விரல்களுக்கிடையில் உருட்டி உருட்டித் துளைத்தேன். மூன்று ஊசி முறிந்தது.

“இதையும் முறிச்சா ஒங்க சட்டைக்குப் பித்தான் நீங்களே தச்சுக்கிடுங்க,” என்று சொல்லித்தான் நாலாவதைக் கொடுத்தாள்.

கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வண்டியில் மாட்டினேன். முதல் துளை மிகவும் சிறிதாகிவிட்டது. வண்டி கார்புரேட்டர் வழியாகத் திருப்பித் தும்மியது, எஞ்சின் கொதித்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் திருநீறு மாதிரி வெளுத்திருந்தது. பெட்ரோல் அதிகமானால் பிளக் கறுக்கும், போதாவிட்டால் வெளுக்கும். கம்பவுண்டர், “இப்ப பெட்ரோலும் கம்மியாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவரை அடிக்காமல் விட்டது என் பெருந்தன்மை. ஜெட்டைக் கழற்றுவேன், ஊசியை இரண்டு சுற்று விடுவேன், மாட்டுவேன், ஓட்டுவேன், பிளக்கைப் பார்ப்பேன். பொழுது சாய்வதற்குள், அளவு சரி என்று காட்டும் வறுத்த பாசிப்பருப்பின் நிறம் வந்துவிட்டது. ஆனால் அது ஆஸ்பத்திரி முன்னாலிருந்த சமதரையில். ஏற்றத்தில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் டாக்டர் மேலே புறப்பட்டார். நான் ஃபாக்டரி வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தம் வளைவு வளைவாக ஏறியது. வழக்கமாக இருமுகிற இடத்தையும் தாண்டியது. நான் கத்தியே விட்டேன். இன்னும் மேலே, இன்னும் மேலே போய், திடீரென்று வெட்டினாற்போல நின்றுபோயிற்று.

துளை போதாமல் சூடேறி எஞ்சின் இறுகிவிட்டது, ஓடுகிற வண்டியை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஃபாக்டரி எஞ்சினை என்னோடு வேலை செய்தவரிடம் விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையில் ஓடினேன்.

மேல் டிவிஷனில் முதல் லயத்தின் முன்னால் வண்டி நின்றது. டாக்டரைக் காணோம். லய வாசலில் பெண்கள் கூட்டம். உள்ளே ஏதோ குழந்தைக்கு ஆபத்து என்று புரிந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நான் முதலில் போனது வண்டியிடம். துண்டைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினேன். விரல் வெந்தது. முழு இழுப்பில் ஏறும்போது சட்டென்று நிறுத்திய பிளக்தான் உண்மையைச் சொல்லும். அது பாசிப்பருப்பு நிறத்தில் இருந்தது. வண்டி செத்து நிற்கவில்லை, டாக்டர்தான் நிறுத்தியிருக்கிறார். அந்தப் பிளக்கைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“ஐயா, நெறத்தைப் பாருங்க!”

“வெளிச்சத்த மறைக்காதீக, தள்ளி நில்லுங்க!” என்று ஒரு பெண் என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

வண்டி எப்படி ஏறியது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. டாக்டர் வந்துவிட்டார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அந்தத் தள்ளலில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது, பெண்கள் மூச்சுவிட்டார்கள்.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. “பிளக்கைத் திருப்பி மாட்டு. குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். அம்மாவைப் பின்னால ஏத்தி உட்கார வை,” என்றார்.

மாட்டினேன். முதல் உதையிலேயே கிளம்பியது.