எண்ணெய் வாளியில் தூக்குக்குண்டு

லிஃப்ட் பொருத்துவதுதான் அவள் தொழில். பதினாறு வருஷமாக ஊரையே ஏற்றி இறக்கியவள். ஆனால் பாருங்கள், அவள் குடியிருந்த கட்டடத்தில் பழைய லிஃப்ட் செத்துப் பதினொரு மாதம்! ஐந்தாவது மாடியில் அவளுடைய மாமியார், முழங்கால் இரண்டும் மடங்காமல், வீட்டோடு கிடந்தாள். தூக்கிக்கொண்டு இறங்கலாமே என்றால், "நான் என்ன மூட்டையா?" என்று எகிறுவாள்.

எதிர்வீட்டில் மாமியாரின் தங்கை. அவளுக்கு இரைப்பு, படியேற முடியாது. அக்கா பால்கனியில், தங்கை தெருவில். கத்திக் கத்தியே பேச்சு. அவர்கள் குடும்ப ரகசியம் எதுவும் தெருவுக்குத் தெரியாமல் இல்லை.

புது லிஃப்ட் வேலை அவள் கைக்கே வந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதிகாரி சோதிக்க வருகிறார். தவறினால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். தங்கையோ சனிக்கிழமை காலை மகனோடு வெளிநாட்டுக்கு ஒரேயடியாகப் போகிறாள்.

வெள்ளி விடிந்ததும், மனசு கேட்காமல், லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நேராக நிற்கிறதா என்று பார்க்க உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினாள். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே நூலும் குண்டும்தான்.

"லேசர்ல பாத்தாச்சுக்கா, எல்லாம் நேரா இருக்கு," என்றார் இன்ஜினியர். "ராஜா காலத்து நூலு எதுக்கு?"

"குண்டு நேரா கீழதான் தொங்கும் தம்பி. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

ஆனால் காற்றில் குண்டு ஆடியது. ஆட்டம் அடங்க எண்ணெயில் முக்க வேண்டும். ஐந்து மாடி ஏறி, சமையலறை எண்ணெய் டின்னைத் தூக்கினாள்.

"அடியே, ஒரு மாசத்து எண்ணெய்டி அது!" மாமியார் டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சியைப் பாக்கணுமா, பொரிச்சுத் திங்கணுமா அத்தை?"

மாமியார் பிடியை விட்டாள்.

வாளி எண்ணெயில் குண்டு அடங்கியது. அளந்தாள். மூன்றாம் மாடிக்கு மேல் தண்டவாளம் நாலு மில்லிமீட்டர் விலகல்! லேசர் வைத்திருந்த பலகையை மிதித்தாள், அது ஆடியது.

"அதிகாரி கண்ணுல படாதுக்கா. விட்டுடலாம்," என்றார் இன்ஜினியர் மெல்ல. "பிரிச்சா சாயங்காலத்துக்குள்ள முடியாது."

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஸ்பானரை எடுத்துவிட்டாள். அரைகுறை வேலையில் எப்படி அத்தையை ஏற்றுவது?

"இன்னும் முடியலையா? அவ பெட்டியே கட்டிட்டாடி!" மேலிருந்து மாமியார் குரல் மணிக்கொரு தரம் இறங்கியது.

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுங்க அத்தை!"

கடைசி போல்ட்டை முடுக்கும்போது அதிகாரி வாசலில் நின்றார். தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீரை லிஃப்ட் தரையில் வைத்து மேலும் கீழும் போய்வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மாமியார் லிஃப்ட் வாசலில் தயங்கினாள். "கிணத்துல வாளியை விடுற மாதிரி என்னை விடப் போறியா?"

"அதேதான் அத்தை. கயிறு, கப்பி, அந்தப் பக்கம் ஒரு எடை. வாளிக்குப் பதிலா நீங்க."

மாமியார் அவள் கையை இறுக்கிப் பிடித்தபடி ஏறினாள். கீழே கதவு திறந்தது. ஒரு சாண் தூரத்தில் தங்கை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கியாடி!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி அக்கா கத்தினாள்.

"இருக்கேன்க்கா! சாப்பிட்டியா!" என்று தங்கையும் தொண்டை கிழியக் கத்தினாள்.

பதினொரு மாதப் பழக்கம். கண்ணீர் ஓடுகிறது, மெதுவாகப் பேச மட்டும் இரண்டு பேருக்கும் வரவே இல்லை.