பொருந்திப்போன கொதிநிலை

ஞாயிற்றுக்கிழமை மதியப் பாத்திரங்களைக் கழுவுவது அவர் வேலை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிப் பழகிய கை. டம்ளரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் கவிழ்ப்பார். அப்படிப்பட்ட மனிதர் அளக்காமலே அளந்ததாகச் சொல்லியிருப்பாரா? துடைக்கும் துணியோடு பக்கத்தில் நின்ற மனைவிக்கு இரண்டு நாளாக இதே நமைச்சல்.

இருவருக்கும் ஒரே ரசாயனத் தொழிற்சாலையில் வேலை. இன்னும் யாரும் காய்ச்சிப் பார்க்காத திரவம் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று மதிப்பிடுபவள் அவள். மூலக்கூறின் படத்தை வரைந்து துண்டு துண்டாகப் பிரிப்பாள். இந்தத் துண்டுக்கு இவ்வளவு, அந்தத் துண்டுக்கு இவ்வளவு என்று அட்டவணையில் மதிப்பு உண்டு; கூட்டினால் கொதிநிலை. வேலையிடத்தில் அவளுக்குப் பெயரே ‘துண்டக்கா’. பிறகு அவர் கொஞ்சம் காய்ச்சி, உண்மையில் எவ்வளவு என்று அளந்து சொல்வார். “நீ கூட்டிச் சொல்ற, நான் கொதிக்க வெச்சுச் சொல்றேன்” என்று வீட்டில் கிண்டல் வேறு.

பத்துப் பதினைந்து டிகிரி முன்னே பின்னே போகாமல் அவள் கணக்கு வந்தது அபூர்வம். மதிப்பீடு என்றால் அப்படித்தான். இந்த முறை அவருடைய அளவு தசமப் புள்ளிக்குப் பின்னால்கூட அப்படியே பொருந்தியது. “புருஷன் பொண்டாட்டி ஒத்துமைன்னா இதுதான்யா!” என்று மேலாளர் கைதட்டினார். அவளும் சிரித்து வைத்தாள். ஆனால் பேருந்தில் திரும்பும்போது மனசு கேட்காமல் துண்டுகளை மறுபடி கூட்டினாள். சங்கிலியில் ஒரு கார்பனை இரண்டு தடவை எண்ணியிருந்தாள். சரியான கணக்கு இருபத்து மூன்று டிகிரி குறைவு.

தப்பான கணக்கோடு சரியான அளவு எப்படி அச்சு அசலாகப் பொருந்தும்?

தன் பிழையை மேலாளரிடம் சொன்னால், மறு நிமிடம் கணவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். வாயை மூடிக்கொள்ளலாம் என்றால், நாளைக் காலை அந்த எண்ணை நம்பிப் பெரிய கலனைச் சூடேற்றப் போகிறவன் அவள் தம்பி. கொதிக்க இன்னும் நேரமிருக்கிறது என்று அவன் பக்கத்தில் நிற்கும்போதே அது பொங்கிவிடும்.

“ஏங்க, அதைக் காய்ச்சும்போது வாடை எப்படி இருந்துச்சு?”

“வழக்கமான வாடைதான்.”

“புதுச் சரக்குக்கு என்னங்க வழக்கம்?”

“பொருந்திப்போச்சேன்னு சந்தோஷப்படாம போலீஸ்காரி மாதிரி துருவுறியே!”

“என் கணக்கே தப்புங்க. ஒரு கார்பனைக் கூடுதலாப் போட்டுட்டேன்.”

குழாயடியில் டம்ளர் நிரம்பி வழிந்தது. அவர் எடுக்கவில்லை.

“நீ தப்பாப் போடமாட்டியே,” என்றார் மெல்ல.

அவள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பியைக் கைபேசியில் அழைத்தாள்.

“நாளைக்குக் கலனைச் சூடேத்தாதடா. நான் மேலாளர்கிட்டப் பேசுற வரைக்கும் தொடவே தொடாத.”

“ஏன்க்கா? மாமாதான் அளந்துட்டாரே?”

ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கம் நீட்டினாள். “உங்களைத்தான் கேக்குறான்.”

அவர் குழாயை மூடினார். அவள் தோளிலிருந்த துணியை எடுத்து, விரல் விரலாகக் கையைத் துடைத்தார்.

“மாமா? அளந்தீங்கதானே?”

துணியை ஆணியில் மாட்டினார். வழிந்த டம்ளரை வெளிச்சத்தில் பார்க்காமலே கவிழ்த்துவிட்டு, சமையலறையை விட்டு வெளியே போனார்.