அண்ணனா, தம்பியா

மில்லர்புரத்தில் ஈவாஞ்சலினுக்குக் காலை ஐந்தரைக்கே வேலை தொடங்கிவிடும். ஜப்பானில் அப்போது மணி ஒன்பது. மேல்நாட்டு வீடியோ கேம்களை ஜப்பானிய மொழிக்கு மாற்றித் தரும் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். மொழிபெயர்ப்பதற்கு ஜப்பானியர்கள் இருந்தார்கள். ஆங்கில வசனத்தில் அவர்களுக்கு வரும் சந்தேகங்களுக்குப் பதில் சொல்வதும், முடிந்தபின் வரிவரியாக ஒத்துப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. சென்னையில் நாலு வருஷம் அவள் ஜப்பானிய மொழி படித்தபோது, "இத வச்சி என்ன செய்யப் போற?" என்று கேட்காத சொந்தக்காரர் சொந்த ஊரான நாசரேத்தில் இல்லை.

அப்பா தேவபிரசாதம் ரிட்டையரான கணக்கு வாத்தியார். அம்மா அற்புதமணி. அவளைவிட மூன்று வயது இளையவன் தம்பி பெனிஸ்டன், துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை பார்த்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் பைக் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டான். அடக்கம் முடிந்ததிலிருந்து வீட்டில் மூன்று பேரும் அவன் பேச்சை எடுப்பதில்லை. ஒருவர் எடுத்தால் மற்ற இரண்டு பேரும் உடைந்துவிடுவார்களோ என்று ஆளாளுக்குப் பயம்.

போன ஆகஸ்டில் ஒரு கேம் வந்தது. போரில் செத்த சகோதரனின் சவப்பெட்டியை ஒரு பெண் பனிமலை வழியாக ஊருக்குக் கொண்டுபோகிற கதை. வழிநெடுக அவள் பெட்டியோடு பேசிக்கொண்டே போவாள். டோக்கியோவிலிருந்து மொழிபெயர்ப்பாளர் ஓகிதா அம்மாள் முதல் நாளே கேட்டார்: "பிரதர் என்று மட்டும் இருக்கிறது. அண்ணனா, தம்பியா?"

ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலத்தான், இரண்டுக்கும் தனித்தனிச் சொல். தம்பியென்றால் பேர் சொல்லிக் கூப்பிடலாம். அண்ணனைக் கூப்பிடும் முறையே வேறு, பேச்சின் தொனியே மாறிவிடும். கேம் செய்தவர்களைக் கேட்டதற்கு, எதுவானாலும் சரி என்று பதில் வந்தது.

"அவங்களே பரவாயில்லைங்காங்க. ஏதாவது ஒண்ணு போடுங்க ஈவா" என்றான் டீம் லீடர் நேசக்குமார்.

அவள் தம்பி என்று எழுதி அனுப்பினாள். யோசிக்கவே இல்லை.

இரண்டு மாதம் ஓகிதா அம்மாளின் வரிகள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் தம்பியைத் திட்டினாள், கெஞ்சினாள், சின்ன வயதில் அவன் செய்த சேட்டையைச் சொல்லிச் சிரித்தாள். ஈவா கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை வாய்விட்டு வாசித்தாள். காலையில் எழுந்திருக்க அது ஒரு காரணமாக இருந்தது.

கடைசிப் பகுதி பல வருஷம் கழித்து நடக்கிறது. அந்தப் பெண் கல்லறைக்கு முன்னால் நிற்கிறாள். 'இப்போது உன்னைவிட நான் மூத்தவள்' என்கிறது ஆங்கில வசனம். ஜப்பானியத்தில், 'எனக்கும் வயதாகிக்கொண்டே போகிறது' என்றிருந்தது. ஈவா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தம்பியைவிட அக்கா என்றைக்குமே மூத்தவள்தானே. செத்த வயதிலேயே நின்றுவிட்ட அண்ணனாக இருந்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு.

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை டோக்கியோவில் குரல் பதிவு.

"எத்தனை வரி மாத்தணும்?" என்று கேட்டான் நேசக்குமார்.

"கிட்டத்தட்ட எல்லாமே. என் தப்புதான். அவங்ககிட்ட நானே சொல்லுதேன்."

போனில் ஓகிதா அம்மாள் கோபப்படவில்லை. "அந்த வரி எனக்கும் இடித்தது. நீங்கள் உறுதியாகச் சொன்னதால் வளைத்துவிட்டேன். ஏன் தம்பி என்று நினைத்தீர்கள்?"

ஆபீஸ் காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஈவா சொன்னாள்: "எனக்கு ஒரு தம்பி இருந்தான்."

இருந்தான் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் ஜப்பானிய மொழியில்.

"அவர் பெயர் என்ன?" என்று கேட்டார் ஓகிதா அம்மாள். ஈவா சொன்னாள். அந்த அம்மாளுக்கு வாயில் நுழையவில்லை. சரியாக வரும்வரை மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அதன்பின், "முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை தீரவில்லை. கோயிலுக்குப் புறப்பட்ட அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, ஆராதனைக்கு வரலியா?"

ஈவா நடந்ததைச் சொன்னாள். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நம்ம பெனிஸ்டனை நெனச்சி எழுதிட்டியாக்கும்."

"ஆமாம்மா."

"இந்த மாசம் அவனுக்கு முப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும்" என்றாள் அம்மா. "பொண்ணு பாக்கச் சொல்லியிருந்தான். ஒங்கிட்ட சொல்ல வெக்கம் அவனுக்கு."

பைபிளோடு வாசலில் நின்ற அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அன்றைக்கு யாரும் கோயிலுக்குப் போகவில்லை. மத்தியானம்வரை அம்மா பேசினாள், அப்பா இடையிடையே திருத்தினார். ஈவா பாதி வரியைத் திருத்துவதும் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள்.

பிப்ரவரியில் கேம் ஜப்பானில் வெளியானது. ஓகிதா அம்மாள் அதன் பெட்டி ஒன்றை அஞ்சலில் அனுப்பினார். அதைப் போட்டு விளையாட வீட்டில் மிஷின் இல்லை. அட்டையிலிருந்த மலையையும் பெண்ணையும் அப்பா வெகுநேரம் பார்த்தார். தலைப்பில் எந்த எழுத்து அண்ணன் என்று கேட்டார். ஈவா விரல் வைத்துக் காட்டினாள்.