படையலில் வைத்த என் போத்தல்

சாராயக் கடைகளுக்கு ‘வைன் ஸ்டோர்ஸ்’ என்று பெயர்ப்பலகை மாட்டும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தவர் யாரோ, அவரை ஒருநாள் நேரில் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. திருகோணமலையில் நான் பார்த்த வைன் ஸ்டோர்ஸ் எல்லாவற்றிலும் சாராயம் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும். பியர் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். வைன் மட்டும் மேல்தட்டு மூலையில் தூசி பிடித்து நாலைந்து போத்தலாக நிற்கும். எனக்கு வேண்டியது அந்த மூலையில் நிற்பதுதான். அதைக் கேட்டு வாங்க என்னால் முடியாது, ஏனென்றால் நான் பெண்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். பட்டப்பகல். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரர், குடித்துவிட்டு விழுந்து கிடக்கும் யாரையோ தேடி வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“ஆரைத் தேடுறீங்கள் அக்கா?”

“ஒருத்தரையும் தேடேல்லை. அந்த மூலையில நிக்கிற சிவப்பு வைன் ஒண்டு தாங்கோ.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பொம்பிளையளுக்குக் குடுக்க ஏலாது அக்கா. சட்டம் அப்பிடி. அண்ணையை அனுப்பிவிடுங்கோ.”

எனக்குப் பின்னால் நின்ற மனிதரால் நேராக நிற்கவே முடியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். இதே நாட்டில், கொழும்பில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், பாணும் பருப்பும் கிடந்த கூடைக்குள் ஒரு வைன் போத்தலையும் வைத்துக்கொண்டு போய் நான் காசு கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டத்துக்கும் ஊருக்கு ஊர் முகம் மாறுமா என்று அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை எனக்குள் பொரிந்துகொண்டே வந்தேன்.

எனக்கு வைன் பழகியது வேலை செய்யும் இடத்தில். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளிநாட்டுக்காரர் புறப்படும்போது பாதி குடித்த போத்தல்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதையெல்லாம் ஊற்றிவிடச் சொல்வார் முதலாளி. ஊற்றுவதற்கு முன் ஒருநாள் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சாராயத்தின் மணமே எனக்குக் குமட்டும். பியர் வயிற்றை ஊத வைக்கும். இது அப்படி ஒன்றும் செய்யவில்லை. நாள் முழுக்க அடுப்படியில் வெந்துவிட்டு வருகிறவளுக்கு, இரவுச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் போதுமாக இருந்தது. இதில் வெட்கப்பட எனக்கு எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

எது நல்லது, எது வேண்டாம் என்பதும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. சிலி நாட்டிலிருந்து வரும் சிவப்பு ஒன்று இருக்கிறது. திருகு மூடி போட்டது, மலிவு, கொஞ்சம் துவர்க்கும். கணவாய்ப் பிரட்டலுக்கு அதைவிடப் பொருத்தமானது எதையும் நான் குடித்ததில்லை. விளைமீன் சொதி வைத்த நாளில் தென்னாபிரிக்காவின் வெள்ளை வைன். அதன் புளிப்பும் சொதியில் விடும் தேசிக்காய்ப் புளியும் ஒன்றோடொன்று ஒத்துப் போகும். குறிஞ்சாக்கேணிப் பக்கமிருந்து நல்ல இறால் வந்தால் இரண்டில் எது இருந்தாலும் சரி. பாணி மருந்து மாதிரி இனிக்கும் சாமான் ஒன்றையும் வைன் என்று விற்கிறார்கள். அதை யாராவது எனக்குப் பரிசாகத் தந்தால் கேக் சுடத்தான் எடுப்பேன். தக்கை அடித்த போத்தல் என்றால் விலையும் கூட, திறக்கிற பாடும் கூட. வரி ஏறி விலை ஏறும்போதெல்லாம் நான் ஒரு படி கீழே இறங்கி, அதற்குள் நல்லதாக ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவேன்.

சிவப்பு வைனைக் குளிர வைக்கக் கூடாதாம். விடுதிக்கு வந்த ஒருவர் எனக்கு இதைப் பாடமாகவே எடுத்தார். இந்த விதியைச் செய்தவர் வைகாசி மாதம் உப்புவெளியில் ஒரு மத்தியானம் இருந்து பார்த்திருக்க மாட்டார். நான் ஐஸ் கட்டியே போட்டுத்தான் குடிப்பேன். யாருக்கு என்ன நட்டம்?

இனி என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்துறைமுகத்துக்குக் கிட்ட, எங்கள் வீட்டோடு சேர்ந்தாற்போல, படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்று வைத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் குடிக்க மாட்டார். ஒரு கலியாண வீட்டில் சிநேகிதர்கள் வற்புறுத்தி அரைக் கிளாஸ் பியர் குடிக்க வைத்ததில் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தவர். அதற்குப் பிறகு தொட்டதே இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் பால் விடாமல், சாயம் இறங்கின பிளேன்ரீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி. நான் வைனோடு இருக்க, அவர் பிளேன்ரீயோடு இருக்க, குசினி மேசையில் எத்தனையோ வருடம் அப்படித்தான் நாங்கள் நாள் முழுக்க நடந்ததைக் கதைத்துத் தீர்த்தோம்.

கடைக்காரர் சொன்னபடி அண்ணையைத்தான் அனுப்பினேன். சனிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு, கிறீஸ் கறையைக் கழுவிக்கொண்டு, அவர் போய் வாங்கி வருவார். கறுப்புப் பைக்குள் போட்டுச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வருவார். பை கறுப்பாக இருந்து என்ன பயன்? நீளக் கழுத்தை அது மறைக்குமா? தெரு முழுக்கக் கண்டது. சனிக்கு சனி போத்தலோடு போகிறான் என்றார்கள். சாராயம் போதாதென்று இப்போது வெள்ளைக்காரச் சாமானில் இறங்கிவிட்டான் என்றார்கள். போத்தலைக் கொண்டுவருகிறவன் ஆண் என்றால் குடிக்கிறவனும் அவன்தான். அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இருக்கிறாளே என்று ஒருத்தருடைய மூளைக்கும் எட்டவில்லை.

வெறும் கதையோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவருடைய ஊர்க் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் அவர்கள் குடும்பத்துக்கு உரியது. அன்றைய பூசை முடிந்ததும் குடும்பத்தின் மூத்த ஆணுக்கு, எல்லாருக்கும் முன்னால், வெற்றிலை பாக்கோடு கோயில் மரியாதையான காளாஞ்சி கொடுப்பார்கள். அவருடைய அப்பா, என் மாமா, காலமான பிறகு அது என் கணவருக்கு வந்திருக்க வேண்டும். கோயில் சபைத் தலைவர், ஊரில் பெரிய மனிதர், குடிகாரன் கையில் காளாஞ்சி கொடுக்க முடியாது என்று சொல்லி, என் கணவருடைய தம்பியை முன்னால் அழைத்துக் கொடுத்தார். என் கணவர் வேட்டி சால்வையோடு, விரதம் இருந்து, நீட்டின கையை மடக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்தத் தம்பி பின்னேரமானால் கடற்கரையில் கூட்டாளிகளோடு சாராயம் குடிப்பவன். கூட்டமாகக் குடித்தால் அதற்குப் பெயர் சிநேகிதமாம்.

அன்றைக்கே நான் தலைவரிடம் போய் உண்மையைச் சொல்லப் புறப்பட்டேன். என் கணவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“விடும். என்னைக் குடிகாரன் எண்டா ரெண்டு நாள் கதைச்சிட்டு விட்டிடுவினம். உம்மைச் சொன்னா சாகுமட்டும் கதைப்பினம்.”

“அப்ப உங்கட காளாஞ்சி?”

“எனக்கென்ன, வெத்திலை தின்னுற பழக்கமா?” என்று சிரித்தார்.

அவரால் சிரிக்க முடிந்தது. எனக்குப் பற்றி எரிந்தது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் தம்பி கைதான் நீண்டது. இவர் வரிசையில் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை காலை, பட்டறையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு என்றார் டொக்டர். ஆனால் செத்த வீட்டுப் பந்தலில் போட்ட கதிரைகளில் இருந்தவர்களுக்கு டொக்டரை விடக் கூடத் தெரிந்திருந்தது. குடியால்தான் போனான் என்றார்கள். ஈரல் போயிருக்கும் என்றார்கள். நான் பெட்டியின் தலைமாட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ விசிறினார்கள். எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழை இலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆத்மா வந்து சாப்பிட்டு முடிக்குமட்டும் கதவைத் திறக்கக் கூடாது என்பார்கள். பின்னேரம் நான் குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பியும், மூத்த அக்காவான என் மச்சாளும் அறைக்குள் படையல் வைத்தார்கள். பொரித்த மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இலையின் தலைப்பக்கத்தில் சிலி நாட்டுச் சிவப்பு வைன் போத்தல் நின்றது. திறந்திருந்தது. பக்கத்தில் ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி வைத்திருந்தார்கள்.

அது அவர் எனக்காகக் கடைசியாக வாங்கிய போத்தல். சாவதற்கு முந்தின சனிக்கிழமை வாங்கியது. குசினி அலுமாரிக்குள், மாவு டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். திறக்க மனம் வராமல் வைத்திருந்தேன். அலுமாரிக்குள் கைவிட்டு எடுத்து, மூடியைத் திருகியும் விட்டார்கள்.

“ஆர் இதை எடுத்தது?”

“நான்தான் அண்ணி,” என்றான் தம்பி. “அண்ணை விரும்பிக் குடிக்கிறதெல்லே. படைக்காட்டி அவற்ற ஆத்மா அலையும்.”

மீன் தட்டைக் கீழே வைத்தேன். “உங்கட அண்ணை உதை ஒருநாளும் வாயில வைக்கேல்லை. உது எனக்கு வாங்கினது. இவ்வளவு காலமும் வாங்கினது எல்லாம் எனக்குத்தான்.”

தம்பி என்னையும் போத்தலையும் மாறி மாறிப் பார்த்தான். மச்சாள்தான் முதலில் வாய் திறந்தாள். தன் தம்பி குடிக்கவில்லை என்று கேட்டு அவள் முகம் மலரும் என்று ஒரு கணம் நான் நம்பினேன், என்ன மடைச்சி நான்.

“மெல்லக் கதை,” என்றாள். “வெளியில சனம் இருக்கு. அவன் போயிட்டான், அவனுக்கு இனி என்ன பேர் வந்தால் என்ன? நீ இந்த ஊரில சீவிக்க வேணும். இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும்.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. உயிரோடு இருந்தபோது அவரைச் சாமிக்கு முன்னாலிருந்து தள்ளினார்கள். செத்த பிறகும் அவர் என்னை மறைக்கும் திரையாகத் தொங்க வேண்டுமாம். நான் குசினிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்குமட்டும் நின்று, சாயம் இறங்க விட்டு, அவருடைய கோப்பையில் பிளேன்ரீ ஊற்றினேன். ஒரு துண்டு பனங்கட்டி எடுத்தேன். அறைக்குத் திரும்பி வந்து, போத்தலையும் கிளாஸையும் இலையடியிலிருந்து தூக்கிவிட்டு, அந்த இடத்தில் கோப்பையையும் பனங்கட்டியையும் வைத்தேன். மச்சாள் “படைச்சதை எடுக்கக் கூடாது” என்றாள். இது அவருக்குப் படைத்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, இருவரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். முன் கதிரையில் கோயில் சபைத் தலைவர் இருந்தார். ஒரு கையில் போத்தலும் மறு கையில் கிளாஸுமாக நான் அவர்களுக்கு முன்னால் வந்து நின்றேன்.

“என்ர மனிசன் குடிக்கிறேல்லை,” என்றேன். “குடிக்கிறது நான். பொம்பிளைக்கு விக்க மாட்டினம் எண்டதால அவர் வாங்கித் தந்தவர். உங்களுக்கெல்லாம் இப்ப விளங்குதோ?”

கிளாஸை எடுத்து எல்லாருக்கும் முன்னால் ஒரு வாய் குடித்தேன். ஐஸ் இல்லாமல், பின்னேர வெக்கையில் சூடாகியிருந்தது.

தலைவர் எழுந்தார். சால்வையைச் சரி செய்தார். “பிள்ளை, நாங்கள் அப்பிடித் தெரிஞ்சிருந்தா… அந்தக் காளாஞ்சி விசயத்தில…”

“எனக்குச் சொல்லாதேங்கோ ஐயா. உள்ளுக்கு இருக்கிறார். அவருக்குச் சொல்லுங்கோ.”

அவர் அறைக் கதவடிக்குப் போனார். கையை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டார். படையல் முடியுமட்டும் கதவைத் திறக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். மற்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சாத்தின கதவுக்கு முன்னால் நின்றார். நான் தலைவருடைய கதிரையில் உட்கார்ந்து, ஆறுதலாக என் கிளாஸைக் குடித்து முடித்தேன். கதவைத் திறக்க அவசரப்படவில்லை. அவர் பிளேன்ரீயை மெல்ல மெல்லத்தான் குடிப்பார்.